பினாங்கில் மூன்று நாள், இரண்டு பேர் மட்டும்: வளைவு ரோடு இல்லாமல் எங்கே போகலாம்?

செந்தூல்வாசி:

வணக்கம். வரும் ஜூன் மாதம் பட்டர்வொர்த்தில் மனைவியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். கல்யாணம் ஞாயிறு. அதை ஒட்டி திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் லீவு எடுத்துவிட்டேன். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். பிள்ளைகள், மாமியார், மச்சான் யாரும் கூட இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் வெளியூர் போனது மொத்தம் இரண்டே தடவை. அதில் ஒன்று ஆஸ்பத்திரிக்கு.

பினாங்கு எங்களுக்குப் புதிதில்லை. தைப்பூசம், தண்ணீர்மலை, லிட்டில் இந்தியா, ஒரு நாசி கண்டார் சோறு, திரும்பவும் கோலாலம்பூர். எல்லாத் தடவையும் இதேதான். "இந்த முறை கடை, கோயில், சொந்தக்காரர் வீடு மூன்றும் கிடையாது" என்று மனைவி சொல்லிவிட்டார். கம்பம் (கிராமம்), வயல், காடு, கடல் என்று ஏதாவது. காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் பட்டர்வொர்த்தில் தங்கும் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

சிக்கல் இரண்டு. மனைவிக்கு வளைந்து வளைந்து போகிற ரோடு ஆகாது. ஒரு தடவை தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போனோம். ரிங்லெட் வருவதற்குள் மூன்று பிளாஸ்டிக் பை தீர்ந்துவிட்டது. எனக்கு வலது முழங்கால் சரியில்லை. ஏற்றம் சமாளிப்பேன், இறக்கத்தில்தான் உயிர் போகும்.

காடி மைவி, சின்னக் கார்தான். பழைய ஞாபகத்துக்கு ஒரு தடவை அதை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து அந்தக் கரைக்கு, அதாவது தீவுக்கு, போகலாம் என்று ஆசை. ஒரே நாளில் தீவை முழுச் சுற்றுச் சுற்றிவிடலாம் என்று மச்சான் அடித்துச் சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பிறை பையன்:

அண்ணே, ஃபெரி ஆசையை முதலில் மறந்துவிடுங்கள். 2021 பிறந்ததிலிருந்து அதில் காடி ஏற்றுவதில்லை. ஆள், மோட்டார் சைக்கிள், சைக்கிள் மட்டும்தான். 2023-ல் பழைய ஃபெரிக்குப் பதில் புதுப் படகுகளும் வந்துவிட்டன. ஏர்கோனில் உட்கார்ந்து போய் இறங்குவதுதான் இப்போது. சங்கிலிப் பக்கம் நின்று உப்புக் காற்று வாங்கியதெல்லாம் அந்தக் காலம். காடியை ஸ்டேஷன் பக்கம் போட்டுவிட்டு, நடந்து ஏறி ஒரு தடவை போய்வாருங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

காடியோடு என்றால் பாலம்தான். 1985-ல் திறந்தது எங்கள் பிறை பக்கம். 2014-ல் திறந்த இரண்டாவது பாலம் பத்து காவானிலிருந்து பத்து மாவுங் வரை, மொத்தம் 24 கிலோமீட்டர். கம்பத்துப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் தோது. டவுன் நெரிசல் இல்லாமல் தீவின் தெற்கு மூலையில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

மச்சான் சொன்ன மாதிரி ஒரே நாளில் சுற்றலாம். முடியாது என்று இல்லை. மற்றதைப் பாயான் பாரு அக்கா வந்து சொல்வார்கள்.


பாயான் பாரு அக்கா:

தம்பி, கடை, கோயில், சொந்தக்காரர் வீடு மூன்றும் வேண்டாம் என்ற உங்கள் வீட்டம்மாவை எனக்கு நேரில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

நான் பாயான் லெப்பாஸ் பேக்டரியில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, பாதி நாள் நைட் ஷிப்ட். எங்கள் வீட்டுக்காரர் பேக்டரி பஸ் ஓட்டினார். கூட வேலை செய்த மலாய்ப் பெண்கள் பாலேக் பூலாவிலிருந்து வருவார்கள். டுரியான் காலத்தில் பை பையாகக் கொண்டுவருவார்கள், லாக்கர் அறையே நாறும். அந்த ஊர் என் வீட்டிலிருந்து அரை மணி தூரம், நடுவில் ஒரு மலை, அவ்வளவுதான். ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஒரு நாள் போய்ப் பார்த்ததில்லை. பாலேக் பூலாவ் என்றால் தீவின் பின்பக்கம் என்று அர்த்தம். முன்பக்கத்திலேயே ஆயுசு ஓடிவிட்டது.

ரிட்டயர் ஆன முதல் மாதம் நாங்களும் உங்கள் மச்சான் சொன்ன அதே வேலையைத்தான் செய்தோம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, தஞ்சோங் புங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங், பாலேக் பூலாவ், தெலுக் கும்பார் என்று ஒரு முழு வட்டம். வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள், என்னம்மா பார்த்தீர்கள் என்று. "காடியின் முன் கண்ணாடியைப் பார்த்தோம்" என்றார் இவர். அதற்கப்புறம் ஒரு நாளைக்கு ஒரே இடம் என்று வைத்துக்கொண்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சரி, வளைவு விஷயம். தெலுக் பஹாங்கில் அணைக்கட்டைத் தாண்டி மலை ஏறி, திதி கெராவாங் வழியாகப் பாலேக் பூலாவ் இறங்குகிற ரோடு அழகுதான், ஆனால் உங்கள் மனைவிக்கு அது கேமரனுக்குத் தம்பி. ஆயர் ஈத்தாம் பக்கத்திலிருந்து ஜாலான் துன் சார்டோன் வழியாக வந்தாலும் அதே கதை. நடுவில் அஞ்சுங் இண்டா என்று நின்று பார்க்க ஓர் இடம் உண்டு, இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம். பையன் சொன்னபடி இரண்டாவது பாலத்தில் வந்து, பத்து மாவுங், தெலுக் கும்பார் என்று தெற்கே சுற்றி வாருங்கள். ஏற்ற இறக்கம் உண்டு, வளைவும் கொஞ்சம் உண்டு, வயிற்றைப் புரட்டுகிற அளவுக்கு இல்லை. திரும்பும்போதும் அதே வழி. புது வழி பார்க்கலாம் என்ற ஆசை வரும், வரக்கூடாது.

இன்னொன்று, இது இவர் சொன்னது. உங்கள் மனைவிக்கு லைசென்ஸ் இருக்கிறதா? இருந்தால் அவரையே ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டுகிற ஆளுக்குத் தலை சுற்றாது. வளைவு வருவது முன்கூட்டியே தெரியும், உடம்பு தயாராகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு வருகிறவருக்குத்தான் கண் ஒன்று சொல்லும், காதுக்குள் இருப்பது வேறொன்று சொல்லும், நடுவில் வயிறு மாட்டிக்கொள்ளும். எத்தனையோ வருடம் பஸ் நிறைய ஆளை ஏற்றிப் பழகியவர் சொல்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலேக் பூலாவுக்குக் காலை எட்டரைக்குள் போய்ச் சேருங்கள். முதலில் ஊருக்குள் போகாமல் சுங்கை புரோங் பக்கம் வயலுக்குப் போய்விடுங்கள். வருடத்துக்கு இரண்டு போகம், பச்சையோ மஞ்சளோ ஏதோ ஒன்று கண்ணுக்குக் கிடைக்கும். வாய்க்கால் ஓரமாகக் காடியை நிறுத்திவிட்டு நடக்கலாம், தரை மட்டம், உங்கள் முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது. கொக்கு நிற்கும். மலை பின்னால் நிற்கும். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, அப்போது ஊருக்குள் வாருங்கள். ரவுண்டபௌட்டில் இருக்கிற தண்ணீர் ஊற்று, கோ சியாங் தாட் என்ற சீனப் பணக்காரர் 1882-ல் ஊருக்குக் கட்டிக் கொடுத்தது. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு லக்சா, குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். புளி போட்ட அசாம் லக்சா, தேங்காய்ப்பால் ஊற்றிய சயாம் லக்சா, இரண்டும் இருக்கும். ஆளுக்கொன்று வாங்கி மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். திங்கள் செவ்வாயில் விரதம் ஏதாவது இருந்தால் லக்சா பக்கமே போகாதீர்கள், அசாம் லக்சாவில் குழம்பே கெம்போங் மீன்தான்.

அப்புறம் சாதிக்காய். நான் முதல் தடவை பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. ரோட்டோரக் கடையில் ஒரு சீனப் பாட்டி முறம் மாதிரி ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சளாக, சின்னக் கொய்யா அளவில் ஒரு பழம். கத்தியைக்கூட வைக்கவில்லை, பழம் தானாகவே நடுவில் வாய் பிளந்திருந்தது. உள்ளே கறுப்புக் கொட்டை, அதைச் சுற்றி ரத்தச் சிவப்பில் பூவேலை செய்த வலை மாதிரி ஒன்று. அதைக் கிழியாமல் ஒரே உரியாக உரித்துத் தட்டில் பரப்பினார். சாதிபத்திரி. நம் வீட்டுப் பிரியாணியில் காய்ந்த சருகாகக் கிடக்குமே, அதுதான் இது என்று அன்றுதான் எனக்குத் தெரியும். நம் அம்மாமார் குழந்தைக்கு உரசிக் கொடுப்பது கொட்டைக்கு உள்ளே இருக்கிற பருப்பு. இந்த ஊர்க்காரர்கள் தின்பது நாம் கண்ணிலேயே பார்க்காத மேல் சதை. அதைச் சீவி, சீனியில் ஊறப்போட்டு, காயவைத்து விற்பார்கள். சாறும் கிடைக்கும், வெயிலுக்கு நல்லது. வயிற்றுப் புரட்டலுக்கும் நல்லது என்று பாட்டி சொன்னார், உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு பொட்டலம் கட்டாயம் வாங்குங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் மொலுக்கா தீவிலிருந்து கொண்டுவந்து இங்கே நட்ட மரம். கம்பெனி போய்விட்டது, மரம் இருக்கிறது.

ஜூன் என்றால் டுரியானும் இருக்கும். இங்கே பழத்தைப் பறிக்க மாட்டார்கள், தானாக விழ வேண்டும், மரத்தடியில் வலை கட்டி வைத்திருப்பார்கள். கடையிலேயே திறக்கச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒழுங்கான கடைக்காரர் சொத்தையாக இருந்தால் வேறு பழம் எடுத்துத் தருவார். ஒரு தடவை அவசரத்தில் ஒரு கடையில் ஐந்து பழம் அப்படியே டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தோம். வீட்டில் திறந்தால் இரண்டில் புழு, ஒன்று பழுக்கவே இல்லை. டிக்கி மட்டும் இரண்டு வாரம் மணத்தது.

இன்னொரு நாளைக்குப் பூமலைத் தோட்டம், அதாவது பொட்டானிக்கல் கார்டன். 1884-ல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற வெள்ளைக்காரர் பழைய கல்லுடைக்கும் இடத்தில் உண்டாக்கியது. தார் ரோடு, நிழல், நுழைவுக் காசு கிடையாது. வாசல் பக்கத்தில் நாகலிங்க மரங்கள் வரிசையாக நிற்கும், காலையில் பூ கீழே கொட்டிக் கிடக்கும். கோயில் வேண்டாம் என்றாரே, அந்தப் பூவைப் பார்த்தால் கை தானாகக் கும்பிடும், அதற்கு நான் பொறுப்பில்லை. குரங்கு ஜாக்கிரதை. பிளாஸ்டிக் பை சரசரத்தாலே வந்துவிடும். எங்கள் இட்லியைச் சட்னியோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. இட்லியைத் தின்றுவிட்டு, சட்னிப் பொட்டலத்தைக் கிளையில் மாட்டிவிட்டுப் போனது.

காடும் கடலும் சேர்ந்து வேண்டுமென்றால் தெலுக் பஹாங் தேசியப் பூங்கா. 2003-ல் அறிவித்தது. கெராச்சுட் கடற்கரைக்கு நடந்து போனால் ஒன்றரை மணி நேரம், குன்று ஏறி இறங்க வேண்டும், உங்கள் கால் தாங்காது. ஜெட்டியில் படகு பேசிக்கொள்ளுங்கள், கொண்டுபோய் இறக்கிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து ஏற்றிக்கொள்வார்கள். அங்கே ஒரு ஏரி உண்டு. மேலே நல்ல தண்ணீர், கீழே கடல் தண்ணீர், இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. மழை இல்லாத காலத்தில் போனால் வெறும் சேறாகக் கிடக்கும், ஏமாறாதீர்கள். பக்கத்திலேயே ஆமைக் குஞ்சு பொரிக்கிற இடம். கடலில் மட்டும் இறங்க வேண்டாம், சொறிமீன் இருக்கிறது.


நிபோங் திபால் வாத்தியார்:

அக்கா தீவுக்காரர். அவருக்குப் பாலம் தாண்டினால் எல்லாமே "அந்தக் கரை". செந்தூல் தம்பி தங்கப்போவதோ பட்டர்வொர்த்தில். தங்குகிற கரையை விட்டுவிட்டு எதற்குத் தினமும் கடல் தாண்ட வேண்டும்?

எங்கள் பக்கம் ரோடு நேர்க்கோடு. செபராங் பிறை தெற்கு பெரும்பாலும் தரை மட்டம், எல்லாம் அந்தக் காலத்துத் தோட்டத்து நிலம். முதலில் கரும்பு, பிறகு பால்மரம், இப்போது செம்பனை. மூன்றிலும் நம் ஆட்கள்தான் வியர்வை சிந்தினார்கள். என் தாத்தா கரும்பு வெட்டியவர், அப்பா பால் வெட்டியவர், நான் சாக்கட்டி பிடித்தவன். கலடோனியா தோட்டத்தில் 99 கதவு பங்களா என்று ஒன்று இருக்கிறது, ராம்ஸ்டன் துரை குடும்பத்துடையது. அந்தத் துரை 1948-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். பேய் பார்க்கப் பிள்ளைகள் ராத்திரியில் போவார்கள். நீங்கள் போக வேண்டாம், தரையும் மாடியும் உளுத்துக் கிடக்கிறது. தோட்டத்து ரோட்டில் காடியை மெதுவாக விட்டாலே போதும்.

நான் சொல்ல வந்தது பூலாவ் அமான். பத்து மூசாங் ஜெட்டியில் படகு ஏறினால் கொஞ்ச நேரத்தில் தீவு. அங்கே காடியே கிடையாது. கரையை ஒட்டிச் சிமெண்டுப் பாதை, மீனவர் கம்பம், பலகை எழுதி வைத்த வயதான சுக்குன் மரம் ஒன்று. ஊரில் நாம் ஈரப்பலா என்போமே, அது. மீ ஊடாங் (இறால் நூடுல்ஸ்) சாப்பிடுங்கள், இறால் தட்டை விட்டு வெளியே தொங்கும். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் தெம்பிருந்தால், இங்கே சுங்கை கெரியானில் சாயந்திரம் படகில் மின்மினி பார்க்கலாம். ஆனால் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்கிறீர்கள். மின்மினிக்கு அது தெரியாது.


பாயான் பாரு அக்கா:

வாத்தியார் சொன்னது சரி, பூலாவ் அமானை நான் மறந்தே போனேன். தம்பி, தேசியப் பூங்காவை விட்டுவிடுங்கள், பத்து பெரிங்கி ரோடும் வளைவுதான். திங்கள் பாலேக் பூலாவ், செவ்வாய் பூலாவ் அமான், புதன் காலையில் பூமலைத் தோட்டம், அப்படியே கோலாலம்பூர். "அந்தக் கரை" என்று நினைத்ததற்கு வாத்தியாரிடம் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.


செந்தூல்வாசி:

எல்லோருக்கும் நன்றி. போன வாரம் போய்வந்தோம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா சொன்ன வரிசைப்படியே. திங்கட்கிழமை மனைவிதான் ஓட்டினார். தெற்கு வழியாகப் போனோம், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுங்கை புரோங்கில் வயல் பச்சை. வாய்க்கால் ஓரத்தில் ஒரு மலாய்ப் பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், அவரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். அவருக்கு ஒரு மீனும் கிடைக்கவில்லை, அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. லக்சாவில் அசாம் எனக்கு, சயாம் மனைவிக்கு, மாற்றிக்கொண்ட பிறகு அவர் திருப்பித் தரவில்லை.

சாதிக்காய் உரிக்கிற பாட்டியைத் தேடினோம், கண்ணில் படவில்லை. ஆனால் பழம் கிடைத்தது. கடைக்காரப் பெண் ஒன்றைப் பிளந்து காட்டினாள். வலை மாதிரி இருக்கிறது என்று அக்கா எழுதியிருந்தார்கள், எனக்கு அது நரம்பு மாதிரி தெரிந்தது. டுரியானைக் கடையிலேயே திறந்து சாப்பிட்டோம். இரண்டு பழம், இரண்டும் தேறியது.

திரும்பும்போது இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்தத் திதி கெராவாங் ரோட்டைப் பார்க்காமல் போவதா என்று தோன்றியது. மனைவியும் தெம்பாக இருந்தார், அந்த வழியாகவே வந்துவிட்டோம். பெரிய பிரச்சினை ஒன்றும் இல்லை.

பூலாவ் அமான் பற்றி வாத்தியார் ஐயா சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. இறால் நிஜமாகவே தட்டுக்கு வெளியே தொங்கியது. புதன் காலை மழை பிடித்துக்கொண்டது, பூமலைத் தோட்டத்தில் குடையோடு அரை மணி நேரம்தான். குரங்கு கூட வரவில்லை.


செந்தூல்வாசி:

வணக்கம் அக்கா. இது அவருடைய மனைவி எழுதுவது, அவர் கடைக்குப் போயிருக்கிறார்.

திதி கெராவாங் ரோட்டில் பிரச்சினை இல்லை என்று எழுதியிருக்கிறார். எனக்கு இல்லை. ஸ்டீரிங் என் கையில் இருந்தது. அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, போட்டோ எடுக்கிறேன் என்று போனையே பார்த்துக்கொண்டு வந்தார். பழக்கடைகள் தாண்டி நாலாவது வளைவில் நிறுத்தச் சொன்னார். லக்சா, டுரியான், எல்லாம். கேமரனில் எனக்கு மூன்று பை என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், தன் கணக்கை மட்டும் விட்டுவிட்டார். இரண்டரை.

சாதிக்காய்ப் பொட்டலம் கைகொடுத்தது. அணைக்கட்டு வருகிற வரைக்கும் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே வந்தார். உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டதாகச் சொல்லுங்கள். அடுத்த தடவையும் நான்தான் ஓட்டுவேன், மின்மினி பார்க்க.